எல்லையைச் சொல்லாமல் கருவியை மட்டும் கொடுக்காதீர்கள்: கணிதப் பாடத்திட்டக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பாடத்திட்டக் குழுத் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

இளநிலைக் கணிதப் படிப்பின் ‘கணித மாதிரியாக்கம்’ தாளிலிருந்து நேரியலற்ற வகைக்கெழுச் சமன்பாடுகளை, அதாவது மாறியின் வர்க்கம், பெருக்கம் போன்ற உறுப்புகள் வரும் மாற்றவீதச் சமன்பாடுகளை, நீக்கிவிட்டீர்கள். தீர்வுகளின் போக்கைப் படமாக வரையும் கட்டத்தள வரைவும் நேரியலற்ற மீள்வரு தொடர்புகளும் அதோடு போயின. அவற்றுக்கென்று இருந்த கணினிச் செய்முறை வகுப்பையும் எடுத்துவிட்டீர்கள். காலியான இடத்தில் மாறிலிக் கெழுக்களைக் கொண்ட நேரியல் சமன்பாடுகளும், அவற்றை இயற்கணிதச் சமன்பாடாக்கித் தீர்க்கும் லாப்லாஸ் உருமாற்றமும் இன்னொரு முறை வந்திருக்கின்றன. இன்னொரு முறை என்று சொல்வதற்குக் காரணம், அவை முந்தைய பருவத்தின் வகைக்கெழுச் சமன்பாடுகள் தாளில் ஏற்கெனவே இருக்கின்றன. தாளின் பெயர் மட்டும் மாறவில்லை.

இந்தத் தாளைப் பல ஆண்டுகளாக நடத்திவருபவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். துறைக்குள் கடிதம் கொடுத்தோம், கூட்டத்தில் பேசினோம், பதில் வரவில்லை. சுற்றறிக்கை வந்த பிறகும் வாய்மூடி இருந்தால் என்னிடம் படிக்கப்போகும் மாணவர்களுக்கு நான் துரோகம் செய்தவனாவேன்.

நீங்கள் சொல்லும் காரணங்கள் மூன்று. நேரியலற்ற சமன்பாடுகளுக்குச் சூத்திர வடிவில் தீர்வு கிடையாது. விடைத்தாள் திருத்துவதற்குச் சீரான விடைக்குறிப்பு தயாரிக்க முடியாது. மாணவர்களுக்கு அது கடினம். மூன்றையும் மதித்தே பதில் சொல்கிறேன். ஆனால் அதற்கு முன்னால், இந்த நீக்கத்தால் மாணவனுக்கு என்ன போய்விடுகிறது என்பதை ஒரு கணக்கின் மூலம் உங்கள் கண்முன் வைக்க விரும்புகிறேன். வகுப்பில் கரும்பலகையில் போடும் அதே கணக்கு. தாளும் பேனாவும் இருந்தால் நீங்களே சரிபார்த்துக்கொள்ளலாம்.

ஒரு மீன்வளத்தை எடுத்துக்கொள்வோம். அந்த நீர்நிலையின் தாங்குதிறன், அதாவது அது தாங்கக்கூடிய அதிகபட்ச மீன் இருப்பு, 1000 டன். ஆண்டு வளர்ச்சி வீதம் 0.4. வெர்ஹுல்ஸ்ட் 1838-இல் எழுதிய சமன்பாட்டின்படி ஆண்டு வளர்ச்சி என்பது வீதம், இருப்பு, மிச்சமிருக்கும் இடத்தின் பங்கு ஆகிய மூன்றின் பெருக்கற்பலன். இருப்பு 500 டன்னாக இருக்கும்போது வளர்ச்சி உச்சத்தைத் தொடுகிறது: ஆண்டுக்கு 100 டன். இப்போது ஆண்டுக்கு 99 டன் பிடிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வளர்ச்சியும் பிடிப்பும் சமமாகும் இருப்புகள் இரண்டு, 450-உம் 550-உம். இவற்றில் 550 உறுதியான சமநிலை. சற்றே மேலே போனாலும் கீழே போனாலும் இருப்பு அங்கேயே திரும்பிவரும். 450 உறுதியற்றது. அதற்குக் கீழே இறங்கினால் மீட்சி இல்லை.

இருப்பு 550-இல் நிலைகொண்டிருக்கிறது. பிடிப்பை 2 டன் கூட்டி 101 ஆக்கலாமா என்று ஒருவர் கேட்கிறார். புதிய பாடத்திட்டப்படி படித்த மாணவன் என்ன செய்வான்? சமன்பாட்டை 550-ஐச் சுற்றி நேரியலாக்குவான், அதாவது அங்கே வளைகோட்டுக்குப் பதில் அதன் தொடுகோட்டை எடுத்துக்கொள்வான். விலகல் ஆண்டுக்கு 0.04 என்ற வீதத்தில் தேய்கிறது என்று கண்டுபிடிப்பான். 2-ஐ 0.04-ஆல் வகுப்பான். 50 டன் குறைந்து இருப்பு 500-இல் நிலைக்கும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பான். கணக்கில் ஒரு படியும் தவறில்லை. முழு மதிப்பெண் வாங்கிவிடுவான்.

உண்மையில் நடப்பது வேறு. வளர்ச்சியின் உச்சமே 100 டன். பிடிப்பு 101. எந்த இருப்பிலும் இவை சமமாகப் போவதில்லை. சமநிலை என்ற ஒன்றே இல்லாமல் போய்விட்டது. மீன்வளம் பூஜ்யத்துக்குப் போகும். அதை முழுச் சமன்பாடு சொல்கிறது, நேரியலாக்கிய சமன்பாடு சொல்லவே இல்லை.

இந்தக் கணக்கில் என்னை உறுத்துவது காலம்தான். தொகையிட்டுப் பார்த்தால் இருப்பு 550-இலிருந்து 500-க்கு வர 39 ஆண்டுகள் ஆகின்றன. அதே 39 ஆண்டுகளில் நேரியல் மாதிரி காட்டும் இருப்பு 510. வித்தியாசம் 10 டன். நீருக்கடியில் இருக்கும் மீனை எண்ணும் எந்தக் கணக்கெடுப்பிலும் அது பிழை எல்லைக்குள் மறைந்துவிடும். இன்னொரு 39 ஆண்டுகள் கழித்து இருப்பு 450. அங்கிருந்து முழு அழிவுக்கு 34 ஆண்டுகள்தான். ஒரு தலைமுறை முழுவதும் தரவும் நேரியல் மாதிரியும் ஒத்துப்போகின்றன, அறிக்கை எழுதியவர் ஓய்வு பெற்றுவிடுகிறார், அதன் பிறகு எல்லாம் சரிகிறது. 1992-இல் நியூஃபவுண்ட்லாந்துக் கடற்பகுதியில் காட் மீன்பிடிப்பையே கனடா அரசு நிறுத்த வேண்டிய நிலை வந்தது. அந்தச் சரிவுக்குக் காரணங்கள் பல, ஒரு சமன்பாட்டின் மேல் பழியைப் போட மாட்டேன். ஆனால் உச்ச விளைச்சலுக்கு ஒட்டி நின்று பிடிப்பது எவ்வளவு ஆபத்தானது என்பதை ஒரு இருபடிக் கோவையிலிருந்தே இருபது வயது மாணவன் புரிந்துகொள்ள முடியும். அந்த இருபடிக் கோவையைத்தான் நீங்கள் பாடத்திட்டத்திலிருந்து எடுத்திருக்கிறீர்கள்.

முதல் காரணத்துக்கு வருகிறேன். சூத்திர வடிவத் தீர்வு இருக்கிறதா இல்லையா என்ற கோடும், நேரியலா நேரியலற்றதா என்ற கோடும் ஒன்றல்ல. மேலே சொன்ன வெர்ஹுல்ஸ்ட் சமன்பாடு நேரியலற்றது. அதற்கு அழகான சூத்திரத் தீர்வு உண்டு. மாறியின் தலைகீழை எடுத்தால் அது நேரியல் சமன்பாடாகவே மாறிவிடுகிறது. மறுபுறம், ஒரு சார்பின் இரண்டாம் வகைக்கெழு அந்தச் சார்பைச் சாராமாறியால் பெருக்கியதற்குச் சமம் என்ற ஏரி (Airy) சமன்பாடு நேரியல்தான். மாணவனுக்குத் தெரிந்த சார்புகளால் அதன் தீர்வை எழுதவே முடியாது. உங்கள் அளவுகோலின்படி முதலாவது உள்ளே இருக்க வேண்டும், இரண்டாவது வெளியே போக வேண்டும். சுற்றறிக்கையில் முதலாவதை நீக்கியிருக்கிறீர்கள்.

சூத்திரம் கையில் இருந்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்ற எண்ணமே தவறு என்பதற்கு இன்னொரு சாட்சி உண்டு. முந்தைய மதிப்பிலிருந்து அடுத்த மதிப்பைக் கணக்கிடும் தொடர்பைத்தான் மீள்வரு தொடர்பு என்கிறோம். ஒரு எண்ணை எடுத்து, அதை 1-இலிருந்து கழித்து, இரண்டையும் பெருக்கி, 4-ஆல் பெருக்கினால் அடுத்த எண். தொடக்க எண் 0-க்கும் 1-க்கும் இடையில் இருக்கட்டும். அதை ஒரு கோணத்தின் சைன் வர்க்கமாக எழுதினால், ஒவ்வொரு படியிலும் அந்தக் கோணம் இரட்டிக்கிறது. இதைவிடத் துப்புரவான சூத்திரத் தீர்வு கேட்க முடியாது. ஆனாலும் 0.2-இல் தொடங்கிய வரிசையும் 0.2000001-இல் தொடங்கிய வரிசையும் இருபத்தைந்து படிகளுக்குள் ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாமல் பிரிந்துவிடுகின்றன. சூத்திரம் இருக்கிறது, கணிப்பு இல்லை. இதை ஒரு முறை தன் கையால் போட்டுப் பார்த்த மாணவன் தசமத் தானங்களை அதன் பிறகு அலட்சியமாக வெட்டுவதில்லை. 1961-இல் வானிலை ஆய்வாளர் எட்வர்ட் லோரன்ஸ் 0.506127 என்பதற்குப் பதில் 0.506 என்று கணினியில் கொடுத்தபோது நடந்ததும் இதுதான். 1963-இல் அவர் வெளியிட்ட மூன்று சமன்பாடுகளில் இரண்டு நேரியலற்றவை.

விடைத்தாள்களில் நான் பார்ப்பதைச் சொல்ல வேண்டும். நேரியல் சமன்பாடுகளை மட்டும் நெடுநாள் பழகிய மாணவன் மேற்பொருந்துதல் தத்துவத்தை இயற்கையின் விதியாகவே எண்ணிக்கொள்கிறான். இரண்டு தீர்வுகளைக் கூட்டினால் அதுவும் தீர்வு. எந்தச் சமன்பாடாக இருந்தாலும் நிரப்புச் சார்பு, சிறப்புத் தொகை என்று நேரியல் சமன்பாட்டுக்கான படிகளையே எழுதத் தொடங்கிவிடுகிறான். வளர்ச்சி வேகம் அளவின் வர்க்கத்துக்குச் சமம் என்ற எளிய சமன்பாட்டைக் கொடுங்கள். 1-ஐ (1 − காலம்) ஆல் வகுத்தால் ஒரு தீர்வு, 1-ஐ (2 − காலம்) ஆல் வகுத்தால் இன்னொரு தீர்வு. இரண்டையும் கூட்டி அதுவும் தீர்வுதான் என்று வகுப்பில் முக்கால்வாசிப் பேர் எழுதுவார்கள். தொடக்க நேரத்தில் கூட்டுத்தொகை 1.5, அதன் வேகம் 1.25, ஆனால் 1.5-இன் வர்க்கம் 2.25. ஒரே வரியில் பொய் வெளிப்படுகிறது. அந்த ஒரு வரியை எழுதிப் பார்க்கும் வழக்கம், நேரியலற்ற அலகு இருந்தவரை, ஆண்டு முடிவதற்குள் பெரும்பாலோருக்கு வந்துவிடும்.

அதே சமன்பாட்டில் இன்னொன்றும் இருக்கிறது. முதல் தீர்வு, காலம் 1-ஐ எட்டும்போது முடிவிலிக்குப் போய்விடுகிறது. சமன்பாட்டில் அந்த நேரத்தைப் பற்றி எந்த எச்சரிக்கையும் இல்லை. தொடர்ச்சியான கெழுக்களைக் கொண்ட நேரியல் சமன்பாடு இப்படிச் செய்யாது, கெழுக்கள் இருக்கும்வரை தீர்வும் இருக்கும், ஒரே ஒரு தீர்வுதான் இருக்கும். நேரியல் உலகத்தில் மட்டும் வளர்ந்தவனுக்கு தீர்வு உண்டு என்று சொல்லும் இருப்புத் தேற்றமும் அது ஒன்றே என்று சொல்லும் ஒருமைத் தேற்றமும் எதற்காக இவ்வளவு பக்கங்களை நிரப்புகின்றன என்றே புரியாது. மனப்பாடம் செய்து எழுதிவிட்டுப் போவான்.

அடியில் துளையிட்ட நீர்த்தொட்டியையும் இதே இடத்தில்தான் கற்றுத்தருவேன். தோரிசெல்லியின் விதிப்படி நீர் வெளியேறும் வேகம் மட்டத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. நேராகச் சுவர் எழும் தொட்டி 20 நிமிடத்தில் காலியாகிறதென்றால், 10-வது நிமிடத்தில் மட்டம் பாதி இல்லை, கால் பங்கு. 20-வது நிமிடத்தில் உண்மையாகவே பூஜ்யம். வேகம் மட்டத்துக்கே நேர்விகிதம் என்று நேரியலாக எழுதினால் தொட்டி எக்காலத்திலும் காலியாகாது, அடுக்குக்குறிச் சார்பு பூஜ்யத்தைத் தொடுவதில்லை. இன்னும் ஒன்று: காலித் தொட்டியைப் பார்த்து அது எப்போது காலியானது என்று சொல்ல முடியாதல்லவா? ஒருமைத் தேற்றம் இங்கே ஏன் தோற்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தெரியாது. வர்க்கமூலத்தின் சாய்வு பூஜ்யத்தில் முடிவிலியாகிறது என்ற நிபந்தனைக்கு அப்போதுதான் உயிர் வருகிறது. ஊசலும் அப்படித்தான். 90 பாகை வீச்சில் விட்டால் அலைவுக் காலம் சிறுகோணச் சூத்திரம் தருவதைவிட 18 சதவீதம் அதிகம். சிறுகோணம் என்ற சொல்லுக்கு அளவு உண்டு என்பதை மாணவன் எங்கே கற்றுக்கொள்வான்?

செய்முறை வகுப்பை நீக்கியதுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது. ஒரு மாணவியின் திட்ட அறிக்கையை உங்களுக்குச் சொல்கிறேன். பூச்சியினம் ஒன்றின் பெருக்கத்தைக் கணிக்க வெர்ஹுல்ஸ்ட் சமன்பாட்டைக் கணினியில் ஆய்லர் முறைப்படி, அதாவது காலத்தைப் படிகளாக வெட்டி ஒவ்வொரு படியிலும் அப்போதைய வேகத்திலேயே முன்னேறும் முறைப்படி, போட்டிருந்தாள். மாத வளர்ச்சி வீதம் 0.5, தாங்குதிறன் 1000. தரவு ஐந்து மாதத்துக்கு ஒரு முறை எடுக்கப்பட்டிருந்ததால் படி நீளத்தையும் 5 மாதமாகவே வைத்துவிட்டாள். அட்டவணையில் வந்த எண்கள்: 536, 1158, 701, 1225, மறுபடியும் 536, 1158, 701, 1225. தசமங்கள்கூட மாறாமல் திரும்பத் திரும்ப வந்தன. இந்தப் பூச்சிக்கு 20 மாதச் சுழற்சி இருக்கிறது என்று முடிவுரை எழுதி, அதற்கு உயிரியல் காரணங்களையும் தேடி வைத்திருந்தாள். அவள் எழுதிய சமன்பாட்டின் உண்மையான தீர்வில் சுழற்சியே கிடையாது. 1000-ஐ நோக்கி ஒரே திசையில் நகர்ந்து அடங்கிவிடும்.

படி நீளத்தை ஒரு மாதமாகக் குறைத்துப் போடு என்று மட்டும் சொன்னேன். எண்கள் ஏறி 1000-இல் நின்றன. அவள் திரையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அப்படியானால் முதலில் வந்தது யாருடைய சுழற்சி என்று கேட்டாள். எந்த ஆசிரியரும் எதிர்பார்த்துக் காத்திருக்கும் கேள்வி அது. முதலில் வந்தது மீள்வரு தொடர்பின் சுழற்சி. வகைக்கெழுச் சமன்பாட்டைப் படிபடியாக வெட்டியபோது அது வேறொரு கணிதப் பொருளாக மாறிவிட்டது. வீதத்தையும் படி நீளத்தையும் பெருக்கி வரும் எண் 2-ஐத் தாண்டினால் இரட்டைச் சுழற்சி, 2.45-ஐத் தாண்டினால் நான்குச் சுழற்சி, பிறகு எட்டு, பதினாறு, சுமார் 2.57-க்கு மேல் ஒழுங்கின்மை. அவளுடைய எண் 2.5.

நேரியல் பகுப்பாய்வு இதில் பாதியைச் சொல்லும் என்பதை நான் மறைக்கவில்லை. 1000-ஐச் சுற்றி நேரியலாக்கினால் விலகல் ஒவ்வொரு படியிலும் −1.5 மடங்காகிறது, ஆகவே சமநிலை உறுதியற்றது என்று தெரியும். ஆனால் விலகல் மேலும் மேலும் பெருத்துக்கொண்டே போகும் என்றுதான் அது சொல்லும். நான்கு எண்களுக்குள் அடங்கிச் சுழலும் என்பதை நேரியல் மீள்வரு தொடர்பால் சொல்ல முடியாது. சமநிலை குலையும் கணத்தை அது அறிவிக்கும். குலைந்த பிறகு என்ன என்ற கேள்விக்கு அதனிடம் விடை இல்லை.

இந்தச் சுழற்சிகள் வெறும் கணினிப் பிழைகள் என்று ஒதுக்கவும் முடியாது. தலைமுறைகள் ஒன்றோடொன்று கலக்காத பூச்சிகளுக்கும் சில மீன்களுக்கும் மீள்வரு தொடர்புதான் இயல்பான மாதிரி. சால்மன் மீன்களுக்காக ரிக்கர் 1954-இல் எழுதிய தொடர்பும் இதேபோல் சுழற்சிக்கும் ஒழுங்கின்மைக்கும் போகக்கூடியது. மாவு வண்டுகளை ஆய்வகத்தில் வளர்த்து, மாதிரி முன்னறிவித்த ஒழுங்கற்ற ஏற்ற இறக்கங்களைச் சோதனையில் காட்டிய ஆய்வு 1997-இல் வெளிவந்தது. எந்தச் சுழற்சி பூச்சியுடையது, எந்தச் சுழற்சி படி நீளத்துடையது என்று பிரித்தறியத் தெரிந்தவரைத்தான் கணித மாதிரியாக்கம் படித்தவர் என்று சொல்ல முடியும். 1976-இல் ராபர்ட் மே நேச்சர் இதழில் எழுதிய கட்டுரையில், இந்த எளிய நேரியலற்ற தொடர்பைக் கணிதக் கல்வியின் தொடக்கத்திலேயே அறிமுகப்படுத்த வேண்டும் என்று வலியுறுத்தினார். அதைப் போட்டுப் பார்க்க ஒரு கணிப்பான் போதும், கையாலும் செய்யலாம். அவர் கேட்டுக்கொண்டு இவ்வளவு காலம் கழித்து, நாம் இருந்ததையும் எடுக்கிறோம்.

தொற்றுநோய்ப் பரவலை இங்கே நீட்டவில்லை. கெர்மாக்கும் மெக்கென்ட்ரிக்கும் 1927-இல் எழுதிய சமன்பாடுகளில் தொற்றியவரையும் தொற்றக்கூடியவரையும் பெருக்கும் ஒரே ஓர் உறுப்புதான் நேரியலற்றது. அதை நேரியலாக்கினால் நோய் பெருகிக்கொண்டே போகும், உச்சம் என்பதே வராது. உச்சம் எப்போது, மொத்தத்தில் எத்தனை பேருக்குத் தொற்றும் என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை அந்தப் பெருக்கலில்தான் இருக்கிறது. அடிப்படைப் பரவல் எண், அதாவது தொடக்கத்தில் ஒரு நோயாளி சராசரியாக எத்தனை பேருக்குத் தொற்றவைப்பார் என்பது, 2 என்றால் கலந்து பழகும் மக்களில் ஏறக்குறைய 80 சதவீதம்.

நேரியல் கணிதத்தின் மீது எனக்குக் குறையில்லை, அதைக் குறைத்துப் பேசுவதற்காகவும் இந்த மடல் எழுதப்படவில்லை. சமநிலையிலிருந்து விலகல் வளருமா தேயுமா என்று சொல்லும் எண்ணான ஐகன் மதிப்பு இல்லாமல் உறுதிநிலையைப் பற்றிப் பேசவே முடியாது. சமநிலையில் எந்த ஐகன் மதிப்பின் மெய்ப்பகுதியும் பூஜ்யமாக இல்லாவிட்டால், அருகாமையில் நேரியல் படமே உண்மைப் படம் என்று குரோப்மனும் ஹார்ட்மனும் நிறுவினார்கள். இவ்வளவு உறுதியான உத்தரவாதம் கணிதத்தில் அரிது. ஆனால் அந்த உத்தரவாதத்தின் இரண்டு நிபந்தனைகளையும் பாருங்கள். அருகாமையில் என்பது ஒன்று. மெய்ப்பகுதி பூஜ்யமாகக் கூடாது என்பது மற்றொன்று. லோட்கா, வோல்தெர்ரா இருவரும் 1920-களில் எழுதிய இரை, வேட்டை உயிரினச் சமன்பாடுகளில் உடனிருப்புச் சமநிலையின் ஐகன் மதிப்புகள் முழுக்கக் கற்பனை எண்கள். அங்கே தேற்றம் கைவிரித்துவிடுகிறது. மேலே சொன்ன மீன்வளத்தில் பிடிப்பு 100-ஐ நெருங்க நெருங்க அருகாமை என்பதன் அளவே சுருங்கி இல்லாமலாகிறது. நேரியல் முறை எங்கே நம்பத்தக்கது என்பதை நேரியலற்ற சமன்பாட்டைப் பக்கத்தில் வைத்துத்தான் கற்றுத்தர முடியும். நீங்கள் நீக்கியது நேரியல் பாடத்தின் எதிரியை என்று நினைக்கிறீர்கள் போலும். நேரியல் பாடத்துக்குப் பொருள் தரும் பகுதியையே நீக்கியிருக்கிறீர்கள்.

கடினம் என்ற காரணத்தை வகுப்பறை ஏற்கவில்லை. ஒரு மாறிக்கான நேரியலற்ற சமன்பாட்டின் நடத்தையை அறிய ஒரு கோடு வரைந்து, வலப்பக்கக் கோவை எங்கே மிகை, எங்கே குறை என்று பார்த்து அம்புக்குறி போட்டால் போதும். இருபடிக் கோவையின் குறியை மாணவர்கள் பள்ளியிலேயே படித்துவிட்டார்கள். லாப்லாஸ் உருமாற்றத்தின் அட்டவணையை மனப்பாடம் செய்வதில் திணறும் மாணவர்கள் இந்த அம்புக்குறிகளைத் தாங்களாகவே போடுவதை ஆண்டுதோறும் பார்க்கிறேன். வழக்கமாகப் பின்வரிசையில் அமைதியாக உட்கார்ந்திருப்பவர்கள் இந்த அலகில்தான் வாய் திறக்கிறார்கள்.

சீரான விடைக்குறிப்பு தயாரிக்க முடியாது என்பதும் சரியல்ல. தாங்குதிறன் 1000 டன், வீதம் 0.4, தாங்கக்கூடிய அதிகபட்ச ஆண்டுப் பிடிப்பு எவ்வளவு? விடை 100, வேறு விடை இல்லை. பிடிப்பு 99 என்றால் சமநிலைகள் எவை, எது உறுதியானது? 450, 550, இரண்டாவது. படி நீளம் எதைத் தாண்டினால் ஆய்லர் முறை பொய்ச் சுழற்சி காட்டும்? வீதத்தால் 2-ஐ வகுத்து வரும் எண். இவற்றைத் திருத்த எந்த ஆசிரியருக்கும் தனித் திறமை வேண்டியதில்லை. படம் வரையச் சொன்னால் சமநிலைகளுக்கும் அம்புக்குறியின் திசைக்கும் தனித்தனியே மதிப்பெண் போடலாம். வடிவியலில் இதை எப்போதும் செய்துவருகிறோம்.

ஆகவே உங்களிடம் நான் கேட்பவற்றை வெளிப்படையாகவே சொல்கிறேன். வரும் கல்வியாண்டுக்கான பாடத்திட்டம் அச்சாவதற்கு முன், ஒரு மாறி, இரு மாறி நேரியலற்ற வகைக்கெழுச் சமன்பாடுகளையும் நேரியலற்ற மீள்வரு தொடர்புகளையும் கொண்ட அலகை மாதிரியாக்கத் தாளில் திரும்பச் சேருங்கள். நேரம் போதாது என்றால் இரண்டாவது முறையாக வந்திருக்கும் லாப்லாஸ் உருமாற்றத்தை எடுத்துவிடுங்கள். அதற்கு முந்தைய பருவத்தில் இடம் இருக்கிறது.

செய்முறை வகுப்பை மீட்டுத்தாருங்கள். விலையுயர்ந்த மென்பொருள் எதுவும் வேண்டாம், எண்களை வரிசையாகக் கணக்கிட்டு வரைபடம் போடும் சாதாரண விரிதாள் போதும். ஒரே சமன்பாட்டை வெவ்வேறு படி நீளங்களில் போட்டு ஒப்பிடும் பயிற்சி கட்டாயமாக இருக்கட்டும்.

தேர்வில், நேரியலாக்கும் ஒவ்வொரு கணக்கிலும் அந்தத் தோராயம் எந்த எல்லைவரை செல்லும் என்ற கேள்வியையும் சேர்த்து, அதற்குத் தனி மதிப்பெண் ஒதுக்குங்கள். மாதிரி வினாத்தாளும் விடைக்குறிப்பும் தயாரித்துத் தர நானும் இத்தாளை நடத்தும் சக ஆசிரியர்களும் ஊதியமின்றி உழைக்கத் தயாராக இருக்கிறோம்.

இந்த நீக்கத்தை எந்தக் கூட்டத்தில், யாருடைய கருத்தைக் கேட்டு முடிவு செய்தீர்கள் என்பதை எழுத்துபூர்வமாக வெளியிடுங்கள். அடுத்த கூட்டத்துக்கு இந்தத் தாளை நடத்துபவர்களில் இருவரையும், மாதிரிகளைப் பயன்படுத்தும் உயிரியல், பொறியியல் துறைகளிலிருந்து தலா ஒருவரையும் அழையுங்கள்.

இவற்றில் எதையும் ஏற்க முடியாது என்பது உங்கள் முடிவானால், தாளின் பெயரிலிருந்து ‘மாதிரியாக்கம்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு ‘மாறிலிக் கெழு நேரியல் சமன்பாடுகள்’ என்று வைத்துவிடுங்கள். சான்றிதழைப் பார்த்து வேலை கொடுப்பவர்களுக்கும், அந்த வேலையில் ஒரு மீன்வளத்தின் பிடிப்பு அளவையோ ஒரு மருந்தின் அளவையோ கணக்கிடப்போகும் மாணவருக்கும், எது கற்றுத்தரப்படவில்லை என்பது அப்போதாவது தெரிந்திருக்கும்.

இப்படிக்கு,
கணித மாதிரியாக்கத் தாளை நடத்திவரும் ஓர் ஆசிரியர்